அவர் கலந்த நிறம்

தராசுக்காரருக்கு நாற்பத்தாறு வயதில் கல்யாணம் நடந்தது. அதுவரைக்கும் அவர் யாரைப் பார்த்தும் பொறாமைப்படாத மனிதர் என்று கடைத்தெருவில் பெயர் வாங்கியிருந்தார். அந்தப் பெயருக்காக அவர் பெரிதாகப் பாடுபட்டதில்லை. பொறாமைப்படும் அளவுக்கு எதையும் ஆசைப்பட்டதில்லை, அவ்வளவுதான்.

எடை போடும் கருவிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். நகைக்கடையின் கண்ணாடிப் பெட்டித் தராசிலிருந்து சிமெண்டு மூட்டை நிறுக்கும் இரும்பு மேடை வரைக்கும் எல்லாம் அவர் கைக்கு வரும். கடைக்கு மேலேயே ஓர் ஒற்றை அறை. அதில் பதினெட்டு வருஷம் குடியிருந்தார். அந்த அறையின் சுவர் என்ன நிறம் என்று யாராவது கேட்டிருந்தால் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்.

பெண் கிடைத்தது தராசால்தான். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்த அவளைத் தெருவில் எல்லோரும் லேப் அம்மா என்பார்கள். வயது நாற்பத்தொன்று. கட்டட என்ஜினீயர் அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த முதல் கணவர் ஒருநாள் மேசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. லேபில் இருந்த தராசைப் பார்க்கப் போன இவர், அடுத்த ஒன்றரை வருஷத்தில் கெடாத தராசைப் பதினோரு தடவை சரிசெய்தார். பன்னிரண்டாவது தடவை அவளே கேட்டுவிட்டாள்.

“தராசுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு என்ன?”

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இவருக்கு அக்கா சாட்சி, அவளுக்கு லேப் முதலாளி சாட்சி. அவள் வீடு சொந்த வீடு, நாலு மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. இவருடைய ஒற்றை அறையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் திரும்பிப் படுக்க முடியாது. ஆகவே இரண்டு பெட்டியும் ஒரு கருவிப் பையுமாக இவர்தான் குடிபோனார்.

அன்றைக்குக் கூடவே வந்த அக்கா, கூடத்துக்குள் காலை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னடா தம்பி இது! உள்ள வந்ததும் யாரோ தோள்ல துண்டைப் போர்த்திவிட்ட மாதிரி இருக்கு!”

சுவரைத்தான் சொன்னாள். கூடத்தின் நாலு சுவரும் ஒரே நிறம். அதற்குப் பெயர் வைக்க யாராலும் முடிந்ததில்லை. வருகிறவர்களில் ஒருவர் சந்தனம் என்பார், ஒருவர் பால் தூக்கலான டீ என்பார். பிஸ்கட் என்று சொன்னவரும் உண்டு. வெயில் ஏறிய மணலைக் கையில் அள்ளினால் ஒரு வெதுவெதுப்பு இருக்குமே, அதைக் கண்ணால் பார்ப்பது போலிருக்கும் என்பதுதான் கிட்டத்தட்ட சரி.

“என்ன கலர்மா இது? எந்தக் கடை?” என்றாள் அக்கா.

“கடையில கிடைக்காது அண்ணி. அவர் கலந்தது” என்றாள் லேப் அம்மா, டீயை ஆற்றிக்கொண்டே.

தராசுக்காரர் கையில் இன்னும் பெட்டி இருந்தது. அதைக் கீழே வைக்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

முதல் கணவரின் போட்டோ கூடத்தில் இல்லை. இவர் மனம் சங்கடப்படக்கூடாது என்று கல்யாணத்துக்கு முந்தின வாரமே அவள் அதைக் கழற்றித் தன் துணி பீரோவுக்குள் வைத்துவிட்டாள். அதைச் சொல்லவும் செய்தாள். அப்போது இவருக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் யோசித்தார். போட்டோவாக இருந்தால் ஒரு மூலையில் இருக்கும். வேண்டாத நேரத்தில் முதுகைக் காட்டி உட்காரலாம். இது நாலு பக்கமும் நிற்கிறதே, எந்தப் பக்கம் முதுகைக் காட்டுவது?

பேச்சிலும் நிம்மதி இல்லை. அவள் கணவர் பெயரைச் சொல்லிப் பழகாதவள். இறந்தவரும் அவர், இருப்பவரும் அவர். போனில் யாரிடமோ, “அவருக்கு அதெல்லாம் பிடிக்காதுடி” என்று சிரிப்பாள். இவர் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து, தனக்கு என்னென்ன பிடிக்காது என்று மனதுக்குள் பட்டியல் போட்டுப் பார்ப்பார். எதுவும் பொருந்தாது. “எந்த அவர்?” என்று வாய்விட்டுக் கேட்கும் தைரியம் வரவில்லை. கேட்டால் அசிங்கம்.

மாதம் ஒருமுறை நாத்தனார் வருவாள். முதல் கணவரின் தங்கை. நல்லவள்தான். இவரை எந்த முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் “சார்” என்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும், போகிற போக்கில் சுவரை ஒருமுறை உள்ளங்கையால் தடவுவாள். பசுமாட்டின் கழுத்தைத் தடவுவது மாதிரி.

“இந்தக் கூடத்துக்கு வந்தா எங்க அண்ணன் வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்கு அண்ணி.”

அப்போது இவர் பிஸ்கட் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். “எடுத்துக்குங்க” என்பார். வயிறு எரியும்.

எல்லாவற்றையும்விட மோசம் சாயங்காலம். மேற்கு ஜன்னல் வழியாக ஐந்தரை மணி வெயில் எதிர்ச் சுவரில் விழும். அந்தச் சுவரிலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பி, சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அவள் முகத்தில் படியும். லேபில் பார்க்கும்போது சாதாரணமாக இருந்த முகம், இந்தக் கூடத்தில் அந்த நேரத்துக்கு எங்கிருந்தோ ஓர் அழகு வாங்கிக்கொள்ளும். கன்னத்தில் எலும்புக்குக் கீழே இருக்கிற நிழல்கூடக் கனிந்துவிடும். பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் போலிருக்கும். பார்த்துக்கொண்டே இருப்பார். உடனே ஊசி குத்தும். இந்த அழகை எனக்குக் காட்டுவது அந்த மனுஷன் அல்லவா? என் பெண்டாட்டியை நான் இன்னொருத்தன் ஏற்றி வைத்த விளக்கில் அல்லவா பார்க்கிறேன்?

குறை கண்டுபிடிக்கலாம் என்று இறங்கினார். அவள் லேபுக்குப் போன பிறகு நாற்காலி போட்டு ஏறி, சுவரில் மூக்கு இடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். பிரஷ் போன தடம் இல்லை. திட்டு இல்லை. மூலையில் வழிந்து காய்ந்த சொட்டு ஒன்றுகூட இல்லை. சுவரின் நிறமும் மேல்தளத்தின் வெள்ளையும் சேரும் கோடு கண்ணாடி வெட்டினதுபோல் போயிற்று. வரைபடக்காரர் கை. விடவில்லை இவர். கருவிப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து அந்தக் கோட்டில் ஒட்டவைத்துப் பார்த்தார். நடுவில் போய் உட்கார்ந்த குமிழி அசையவே இல்லை. பதினெட்டு வருஷத் தொழிலில் ரசமட்டத்தைப் பார்த்து அவர் பல்லைக் கடித்தது அன்றைக்குத்தான்.

கல்யாணமாகி எட்டாவது மாதம், ஒரு காலையில், புத்தக பீரோவுக்குப் பக்கத்தில் மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருமை தெரிந்தது. இவர் தொட்டுப் பார்த்தார். ஈரம். மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் எங்கோ கசிகிறது என்று தொட்டதுமே தெரிந்துவிட்டது. குளித்துவிட்டு வந்த அவளிடம், “ஏம்மா, இங்க பாரு” என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. லேட்டாகுதே உனக்கு.”

ஏன் சொல்லவில்லை என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது. மறுநாள் தெரிந்தது. எழுந்ததும் முதல் வேலையாக அந்த மூலையைப் பார்க்கப் போனார். உள்ளங்கை இப்போது விரல் விரித்த கையாகியிருந்தது. மனதுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பரீட்சையில் எப்போதும் முதலாவதாக வருகிற பையனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட பிள்ளையின் சந்தோஷம். வெட்கம்கூட வந்தது. ஆனால் சந்தோஷம்தான் முதலில் வந்தது.

அந்த வாரமே புத்தக பீரோவை இரண்டு சாண் தள்ளி வைத்து, அதன் தலையில் தன் பெட்டியை ஏற்றினார். கறை மறைந்துவிட்டது.

“ஏன் நகர்த்தினீங்க?” என்றாள் அவள்.

“கதவு திறக்கையில இடிக்குது.”

கதவு இடித்ததே இல்லை. அவள் பீரோவையும் பெட்டியையும் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஏழு வாரம் அப்படியே போயிற்று. தினம் காலையில் அவள் குளிக்கும் நேரத்தில் இவர் பெட்டியைக் கொஞ்சம் விலக்கி எட்டிப் பார்ப்பார். கறை கீழே இறங்கிற்று. ஓரத்தில் மஞ்சள் வளையம் கட்டிற்று. நடுவில் கொப்புளம் கிளம்பிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, பீரோவுக்குப் பின்னாலிருந்து காய்ந்த இலை விழுவதுபோல் சத்தம் வந்தது. பீரோவை இழுத்தார்கள். சுவரின் தோல் அப்பளம்போலப் பெயர்ந்து தரையில் கிடந்தது. உள்ளே சிமெண்டு பொதபொதவென்று நின்றது.

மேல்வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு நேராக இவரிடம் கேட்டார்.

“இது ரெண்டு மாசக் கசிவு சார். வீட்டுல யாருமே பாக்கலையா?”

“பீரோ மறைச்சிருச்சு” என்றார் தராசுக்காரர்.

அவள் தரையில் கிடந்த சில்லுகளைக் கூட்டி முறத்தில் அள்ளினாள்.

சுவர் காய மூன்று வாரம் ஆயிற்று. பிறகு பெயிண்டர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், ஆகவே ஏணி என்று பெயர். முன்பு இந்தக் கூடத்துக்கு மேல்தள வெள்ளை அடித்தது அவர்தான்.

“சுவத்துக்கு என்னை விடல அந்த சார். கலக்கறதும் நான்தான், அடிக்கறதும் நான்தான்னுட்டார். வேடிக்கை பாக்க மட்டும் விட்டார்” என்று சொல்லி, பெயர்ந்த இடத்தைச் சுரண்டிப் பட்டி வைத்துத் தேய்த்தார்.

அவளுக்கு அந்த இடத்தை மட்டும் பழைய நிறத்திலேயே அடித்துவிட்டால் போதும். ஏணி ஒரு சில்லைக் கடைக்கு எடுத்துப்போய் மெஷினில் காட்டி மூன்று டப்பா கலந்து வந்தார். ஒன்று மஞ்சளாக அடித்தது, ஒன்று வெளுத்தது. மூன்றாவது டப்பாவில் ஒப்பு வந்ததுபோல் தெரிந்து, காய்ந்ததும் புண்ணில் ஒட்டின பிளாஸ்திரி மாதிரி தனியாக நின்றது.

“கையால கலந்த கலர்மா. அவர் எதை எவ்வளவு போட்டார்னு அவருக்குத்தான் தெரியும்” என்றார் ஏணி.

இதற்காகவே காத்திருந்தவர்போல் தராசுக்காரர் தொண்டையைச் செருமினார்.

“ஒட்டுப் போட்டா அசிங்கமாத்தான் இருக்கும். பேசாம மொத்தமா மாத்திடலாம். இந்தா, இது நல்லா இருக்கு பாரு.”

ஏணி கொண்டுவந்திருந்த கலர் கார்டில் அவர் விரல் வைத்த இடம், வெள்ளையும் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். அது பிடித்திருந்ததால் வைக்கவில்லை. பழைய நிறத்துக்கு எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரத்தில் அது இருந்தது.

அவள் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “உங்க இஷ்டம்” என்றாள்.

இரண்டு நாள் வேலை. கடைக்குப் போகாமல் இருந்து வேடிக்கை பார்த்தார் தராசுக்காரர். ரோலர் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் ஒரு முழம் மணல் காணாமல் போயிற்று. ஏணி நடுவில் நிறுத்தி, “கை வைக்கவே மனசு வரல சார்” என்றார். “அடிங்க, அடிங்க” என்றார் இவர். இரண்டாவது கோட் முடிந்து ஜன்னலைத் திறந்துவிட்டபோது, நாலு சுவரிலும் அந்த மனுஷன் இல்லை. அன்றைக்கு இவர் இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கவில்லை. ஐந்தரை மணி வெயில் வழக்கம்போல ஜன்னல் வழியாக வந்தது. புதுச் சுவரில் பட்டு, அங்கேயே செத்துப்போயிற்று. அவள் முகம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் முகம் மாதிரி வெளிறித் தெரிந்தது. தன் கையைப் பார்த்துக்கொண்டார். நகமெல்லாம் நீலம் பாரித்தாற்போல் இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. ஒரே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்.

“எங்க லேப்லயும் இதே கலர்தான். எட்டு மணி நேரம் பாத்துட்டுத்தான் வர்றேன்.”

மறுநாளிலிருந்து அவள் சாயங்காலம் கூடத்தில் உட்காருவதில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் போட்டுக்கொண்டாள். கூடத்தில் இவரும் டி.வி.யும்.

போதாக்குறைக்கு, முன்பெல்லாம் சுவரில் மட்டும் இருந்த மனுஷன் இப்போது வருகிறவர் போகிறவர் வாயிலெல்லாம் இருந்தார். “ஐயோ, அந்தக் கலர் எங்கே?” என்று ஆரம்பிப்பார்கள். அவர் எப்படி வாளியில் கலந்தார், எப்படி மூன்று ராத்திரி தூங்காமல் யோசித்தார், எப்படி மூலைக்கு மட்டும் சின்ன பிரஷ் வைத்திருந்தார் என்று இவருக்குத் தெரியாத கதையெல்லாம் வரிசையாக வரும். நாத்தனார் வாசலிலேயே நின்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். தடவ நீண்ட கை பாதியில் நின்றது. “சார் மாத்திட்டீங்களா?” என்றாள். பிறகு சமையலறைக்குப் போய் அண்ணியோடு உட்கார்ந்துகொண்டாள். உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. என்ன பேச்சு என்று கேட்கவில்லை. கேட்காததுதான் இன்னும் எரிந்தது. பழைய சுவர் இருந்தபோது அது பேசாமலாவது இருந்தது.

அதற்கடுத்த மாதம் ஒரு சாயங்காலம் கடையிலிருந்து சீக்கிரமே திரும்பினார். கூடத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டின அலமாரி ஒன்று உண்டு. மரக்கதவு போட்டது. அவள் அதன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். எதையோ எடுக்கிறாள் என்று நினைத்தார். எடுக்கவில்லை. சும்மா நின்றாள். பின்னால் போய் எட்டிப் பார்த்தார். அலமாரிக்குள் பின்சுவர் முழுக்க அந்த மணல் நிறம். ஏணி உள்ளே அடிக்கவே இல்லை.

“யாரு சொல்லி இதை விட்டார் ஏணி?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “நான்தான் விடச் சொன்னேன்.”

அவ்வளவுதான். எட்டு மாதமும் அதற்குப் பின்னால் நாலு மாதமும் அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்துகொண்டது.

“கதவைப் போட்டு மூடி வச்சிக் கும்பிடுறியா? அப்ப நான் யாரு இந்த வீட்டுல? வாடகைக்கு வந்தவனா? ஒரு நாளாவது இந்த வீட்டுல நான் செஞ்சது ஏதாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா? அவர் கலந்தது, அவர் அடிச்சது, அவர், அவர்! அந்தக் கசிவு இருக்கே, அதை நான் முதல் நாளே பாத்தேன் தெரியுமா? தெரிஞ்சேதான் விட்டேன். விழட்டும்னுதான் பீரோவை நகர்த்தினேன். இப்ப என்ன பண்ணப் போற?”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. 

அவள் அலமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீங்க பீரோவை நகர்த்தினீங்கல்ல, அன்னிக்கு நீங்க கடைக்குப் போனதும் பெட்டியை எடுத்துட்டுப் பாத்தேன். ஈரமா இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன். தினம் குளிச்சுட்டு வரும்போது இன்னிக்குச் சொல்லுவார், இன்னிக்குச் சொல்லுவார்னு வருவேன். நீங்க பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருப்பீங்க. அப்புறம் எனக்கும் ஆத்திரம் வந்துருச்சு. போகட்டும், உங்க கையாலயே போகட்டும்னு விட்டுட்டேன்.”

தராசுக்காரர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அவளும் எதிரே உட்கார்ந்தாள். நாற்காலியைச் சமையலறைக்குத் தூக்கிப் போனதிலிருந்து அவள் கூடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

“உங்களுக்கு ஒண்ணு சொல்லவா?” என்றாள். “அந்தக் கலரை அவர் கலந்த மூணு வாரமும் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல. எனக்கு மஞ்சள் வேணும்னேன். உனக்கு ரசனையே கிடையாதுன்னு ஏணி முன்னாடியே சொல்லிட்டார். நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா அடிச்சு முடிச்சிருக்கார். எனக்கு வந்த கோபத்துல ஒரு மாசம் அந்தச் சுவத்தை நிமிர்ந்தே பாக்கல.”

அவருக்கு மனசு லேசாயிற்று. இன்னும் கொஞ்சம் லேசாகட்டும் என்று கேட்டார். “அப்ப உனக்கு அது பிடிக்கவே இல்லையா?”

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

“கலர் நல்லாத்தான் வந்திருந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

லேசானது பாதி திரும்பி வந்து ஏறிக்கொண்டது. ஆனாலும் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

“பழசு வேணாம்ங்க” என்றாள் பிறகு. “அது போச்சு. ஆனா இந்த ஆஸ்பத்திரியும் வேணாம். உக்காந்தா உக்காரணும் போல இருக்கணும். எனக்குக் கொஞ்சம் மஞ்சளும் வேணும்.”

மறுபடி ஏணி வந்தார். வாளி நிறைய வெள்ளை, மஞ்சள் காவி ஒரு குப்பி, செங்காவி ஒரு குப்பி, கறுப்பு ஒரு குப்பி. கண் மதிப்பில் ஊற்றப் போன ஏணியைத் தராசுக்காரர் தடுத்தார். கடையிலிருந்து நகைத் தராசைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தார். ஒரு கிலோ வெள்ளைக்கு மஞ்சள் எத்தனை கிராம், சிவப்பு எத்தனை கிராம் என்று நிறுத்துக் கலந்து, அட்டைத் துண்டில் தீட்டி, அதன் முதுகில் அந்தக் கணக்கை எழுதினார்.

“இருபத்தேழு வருஷமா பெயிண்ட் அடிக்கிறேன். அதைத் தங்கம் மாதிரி நிறுக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்” என்று ஏணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அட்டைகளைச் சுவரில் குத்திவைத்துக் காலையில் ஒருதரம், உச்சிவெயிலில் ஒருதரம், ஐந்தரைக்கு ஒருதரம், குழல்விளக்கில் ஒருதரம் பார்த்தார்கள். காலையில் அவளுக்குப் பிடித்தது சாயங்காலம் இவருக்குப் பிடிக்கவில்லை. கறுப்பு ஒரு சொட்டு விழாவிட்டால் நிறம் பல்லை இளிக்கிறது. ஒரு சொட்டு கூடிவிட்டால் அழுக்குத் துணி. செங்காவிதான் உயிர் கொடுத்தது, அதுதான் ஊரைக் கூட்டவும் செய்தது. பதினாலு அட்டை. இரண்டு சண்டை. ஒரு சண்டையில் அவள், “அவரே தேவலாம், என்னைக் கேக்காமலாவது அடிச்சுட்டார்!” என்றாள். இவர் பிரஷைப் போட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய் முக்கால் மணி நேரம் நின்றார். அவள் டீ கொண்டுவந்து கொடுத்து, “பன்னெண்டாம் அட்டையில மஞ்சளை ரெண்டு கிராம் குறைங்க” என்றாள். குறைத்தார். பதினாலாவது அட்டை அதுதான்.

சுவரில் ஏறினபோது அது கோதுமைக்கும் களிமண்ணுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக இருந்தது. பழையதைவிட ஒரு சாயல் சிவப்பு. ஜன்னல் பக்கச் சுவர் மட்டும் மற்ற மூன்றைவிட இம்மி வெளுப்பு. ஏணி அந்த வாளிக்குத் தண்ணீரைக் கூடுதலாக விட்டுவிட்டார். தராசுக்காரருக்கு மட்டும் தெரியும். பார்க்கும்போதெல்லாம் உறுத்தும். அவள் நாற்காலியைச் சமையலறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள்.

பொறாமை அதோடு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். நாத்தனார் வந்தாள். சுற்றிப் பார்த்தாள். “நல்லா இருக்கு சார். ஆனா அண்ணன் கலந்தது இதைவிட இதமா இருக்கும், இல்ல அண்ணி?” என்றாள். “ஆமா, இருக்கும்” என்றாள் இவர் மனைவி, கொஞ்சமும் யோசிக்காமல். மூன்று நாள் தராசுக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். கடையில் ஒரு தராசுக்கு இரண்டு தடவை திருகாணி மாற்றிப் போட்டார். நாலாம் நாள் பசி எடுத்தது. சரியாகிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்த தையல்காரம்மா கதவைத் தட்டினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. சுவரைப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“சார், கிராம் கணக்குல நீங்களே கலந்தீங்களாமே! ஏணி சொன்னார். எங்க வீட்டுக்கும் கொஞ்சம் கலந்து குடுங்க சார். எனக்குக் கலர்னா உயிரு.”

போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. அட்டைகள் காயவேண்டுமே என்று திங்கட்கிழமை சாயங்காலமும் போனார். தையல்காரம்மா வீட்டில் கலகலவென்று பேச்சு இருந்தது. அவள் ஒவ்வொரு அட்டைக்கும் “அடடா!” என்றாள். செவ்வாய்க்கிழமையும் அங்கே போய்விட்டு வீடு திரும்பினபோது, லேப் அம்மா ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸை நறுக்கவேண்டிய அளவுக்கு இரண்டு மடங்கு பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா?”

“ம்.”

“நம்ம வீட்டுக்கே பதினாலு அட்டையில முடிஞ்சுது. அவங்க வீடு நம்ம வீட்டுல பாதிகூட இல்ல. மூணு நாளா அப்படி என்னதான் கலக்குறீங்க அங்க?”

கத்தி பலகையில் டக் டக்கென்று விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

தராசுக்காரர் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார். நாற்பத்தேழு வயதில், அவருக்காக ஒருத்தி காய்கறியை இப்படி வெட்டுவது இதுதான் முதல் தடவை. நெஞ்சுக்குள் என்னவோ பொங்கி மேலே வந்தது. சிரிப்பு வெளியே தெரியாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

“நாளைக்கும் போகணும் போலிருக்கு” என்றார். “இன்னும் ஒரு அட்டை பாக்கி.”

பாக்கி ஒன்றும் இல்லை. ஏணி அன்றைக்கு மதியமே எதிர்வீட்டில் முதல் கோட் அடித்து முடித்திருந்தார்.